வெயில் நேரத்தில் வண்டி நிற்கும் இடம்



கொஞ்ச காலமாக ஆசிரியர் மேஜைக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ஈரோட்டில் ஜவுளிக்கடை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்கிறார். கும்பகோணத்தில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர் கேட்கிறார். ஓசூரில் சின்னதாகப் பட்டறை போட்டிருக்கும் ஒரு பெண்மணியும் அதையேதான் கேட்கிறார். "மொட்டை மாடி சும்மா கிடக்கிறது. அதில் சோலார் போட்டு, கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் சார்ஜர் வைத்தால் கட்டுப்படியாகுமா?"

தனித்தனியாகப் பதில் போடுவதைவிட இந்த மாதப் பக்கத்தையே அதற்கு ஒதுக்கிவிடுகிறேன். கட்டுப்படியாகும். தயங்காமல் சொல்கிறேன். ஆனால் யாருடைய வண்டிக்கு, எந்த வேகத்தில் சார்ஜ் போடப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் பையில் கை வைக்க வேண்டும். பலர் சார்ஜரை முதலில் வாங்கி மாட்டிவிட்டு, அதற்கு வண்டி வராதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு வண்டியின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். இரவு முழுக்க அது வீட்டில் நிற்கிறது. காலை ஒன்பது மணி வாக்கில் கிளம்பிக் கடைக்கோ, மில்லுக்கோ, ஆஸ்பத்திரிக்கோ, கல்லூரிக்கோ போகிறது. மாலை வரை அங்கேயே நிற்கிறது. சூரியன் வேலை செய்வதும் அதே ஒன்பது முதல் மாலை வரைதான். வீட்டு மாடியில் சோலார் போட்டவர்கள் பலர் தங்கள் வண்டியை இரவில்தான் சார்ஜ் போட முடிகிறது, ஏனென்றால் வெயில் அடிக்கும் நேரத்தில் வண்டி வீட்டில் இல்லை. இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் நிலக்கரியில் இருந்து வருகிறது. நம் மாநிலத்தில் ஆனி, ஆடிக் காற்றுக் காலத்தில் இரவிலும் காற்றாலைகள் சுற்றும். மற்ற மாதங்களில் இரவில் சார்ஜ் ஆகும் வண்டியின் பின்னால் பெரும்பாலும் நிலக்கரிதான் எரிகிறது. வெயிலும் வண்டியும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சந்திப்பது வேலை செய்யும் இடத்தில் மட்டும்தான். வணிகக் கட்டடம் வைத்திருக்கும் உங்கள் கையில் இருக்கும் வாய்ப்பு அதுதான்.

அரசும் இந்த நேரக் கணக்கைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. மத்திய மின் அமைச்சகம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட சார்ஜிங் வழிகாட்டுதல்கள், காலை 9 முதல் மாலை 4 வரையிலான நேரத்தைச் சூரிய நேரம் என்று தனியாகப் பிரிக்கின்றன. பொது சார்ஜிங் நிலையங்களுக்கு அந்த நேரத்தில் சராசரி வழங்கல் செலவில் 0.7 பங்கும், மற்ற நேரத்தில் 1.3 பங்கும் கட்டணமாக இருக்கலாம் என்கின்றன. கட்டணத்தை இறுதியாகத் தீர்மானிப்பது மாநில ஒழுங்குமுறை ஆணையம். ஆனாலும் பகலில் போடு, இரவில் குறைத்துக்கொள் என்ற திசை தெளிவாகத் தெரிகிறது.

இனி ரூபாய்க் கணக்குக்கு வருகிறேன். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் சோலார், ஆண்டுச் சராசரியில் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி இடம் வேண்டும். ஆக 1,000 சதுர அடி மாடி இருந்தால் 10 கிலோவாட் போடலாம், தினமும் 40 யூனிட் எதிர்பார்க்கலாம். கிலோவாட்டுக்கு 50,000 ரூபாய் என்று வைத்தால் முதலீடு 5 லட்சம். கடன் வட்டி, பராமரிப்பு, நடுவில் ஒருமுறை இன்வெர்ட்டர் மாற்றுவது எல்லாம் சேர்த்து 25 ஆண்டுக்குப் பரப்பினால் ஒரு யூனிட் 4 ரூபாயை ஒட்டி அடங்கும். கடைக்கு மின்வாரியம் போடும் கட்டணமோ யூனிட்டுக்குப் பத்து ரூபாயை ஒட்டி இருக்கிறது. வீடுகளுக்கான பி.எம். சூர்ய கர் மானியம் வணிகக் கட்டடத்துக்குக் கிடையாது. அதற்குப் பதிலாக வருமான வரிக் கணக்கில் சோலார் சாதனத்துக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் காட்டலாம். உங்கள் ஆடிட்டரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

அந்த 40 யூனிட்டை என்ன செய்வது? மின்சார ஸ்கூட்டர் ஒன்று ஒரு யூனிட்டில் 25, 30 கிலோமீட்டர் தாராளமாக ஓடும். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்து வேலைக்கு வரும் ஒருவருக்குப் போக வர ஒரு யூனிட் போதும். அப்படியானால் அந்தப் பத்து கிலோவாட் மாடி, நாற்பது பணியாளர்களின் தினசரிப் போக்குவரத்தைச் சுமக்கிறது. கார் என்றால் ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் வாக்கில் கிடைக்கும். அதே 40 யூனிட் ஏழெட்டு கார்களின் அன்றாட ஓட்டத்தோடு தீர்ந்துவிடும்.

இங்கேதான் என் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும். சார்ஜர் என்றதும் கடை முதலாளிகள் வாடிக்கையாளரின் காரைத்தான் நினைக்கிறார்கள். வாசலில் பச்சை விளக்கோடு பெரிய பெட்டி நின்றால் கௌரவம் என்று நினைக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்தக் கடையின் பின்பக்கம், சைக்கிள் ஸ்டாண்டு மாதிரி ஒரு சந்தில் வரிசையாக நிற்கும் ஸ்கூட்டர்களைப் பாருங்கள். கவுன்டரில் நாள் முழுக்க நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டும் பெண்களின் வண்டிகள் அவை. அவர்களில் பலர் வாடகை வீட்டில், இரண்டாம் மாடியிலோ மூன்றாம் மாடியிலோ குடியிருக்கிறார்கள். மின்சார வண்டி வாங்க ஆசை இருக்கிறது, தவணை கட்டவும் வழி இருக்கிறது. கீழே நிற்கும் வண்டிக்கு மேலிருந்து ஒயர் இறக்க வீட்டுக்காரர் விடமாட்டார். பொது மீட்டரில் பிளக் கேட்டால் பக்கத்து வீட்டோடு மனஸ்தாபம் வரும். பிளக் இல்லாத ஒரே காரணத்தால் பெட்ரோல் வண்டியிலேயே காலம் தள்ளுகிறார்கள்.

பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைச் சுற்றி விற்கும்போது தினம் இருபத்து நாலு கிலோமீட்டர் ஓடுபவருக்கு மாதம் ஆயிரத்து நானூறு ரூபாய் போல் பெட்ரோலுக்கே போகிறது. கடைச் சம்பளத்தில் அது சிறிய தொகையா? அதே ஓட்டத்துக்கு உங்கள் மாடியிலிருந்து போகும் ஒரு யூனிட்டின் அடக்கம், ஒரு டீ விலையைவிடக் குறைவு. ஆளைத் தக்கவைப்பது எவ்வளவு சிரமம் என்று புலம்பாத முதலாளியை நான் சந்தித்ததில்லை. மதியம் சார்ஜ் ஏறி நிற்கும் வண்டி, அந்தப் பணியாளருக்கு மாதாமாதம் கையில் நிற்கும் சம்பள உயர்வு.

கோவைப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் இதைக் கண்ணால் பார்த்தேன். தகரக் கூரைமேல் தெற்குப் பார்த்து இரண்டு வரிசைப் பேனல்கள். உள்ளே நுழைந்ததும் இடதுபக்கச் சுவரில், இடுப்பு உயரத்தில், ஆறு பதினைந்து ஆம்ப் பிளக்குகள். ஒவ்வொன்றுக்கும் மேலே தனித்தனி பிரேக்கர் பெட்டி, மழை தெறிக்காமல் மூடி. ஒவ்வொரு பிளக்கின் பக்கத்திலும் பெயின்டால் வண்டி எண்ணின் கடைசி நாலு இலக்கம் எழுதியிருந்தது. அவ்வளவுதான் அங்கே இருந்த 'சார்ஜிங் நிலையம்'. ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. லேத்துகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மேஸ்திரி இன்வெர்ட்டர் திரையைக் காட்டினார். வெளியே உச்சி வெயில். உள்ளே எந்திரங்களுக்கு மின்சாரம் தேவைப்படாத முக்கால் மணி நேரம். "முன்னெல்லாம் இந்த நேரத்துக் கரண்ட் லைனுக்குப் போயிரும் சார். இப்ப பசங்க வண்டி குடிச்சிருது" என்றார். ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு பேர் வந்து சார்ஜ் போட்டுக்கொண்டு போகிறார்களாம். முதலாளியே வரச் சொல்லியிருக்கிறார்.

அந்த மேஸ்திரி சொன்னதில் ஒரு பெரிய கணக்கு இருக்கிறது. வீட்டு இணைப்புக்கு இருக்கும் நெட் மீட்டர் சலுகை அப்படியே கடைகளுக்குக் கிடைப்பதில்லை. வணிக இணைப்பில், நீங்கள் உள்ளேயே பயன்படுத்தும் யூனிட் முழுக் கட்டணத்தை மிச்சம் பிடித்துத் தருகிறது. லைனுக்கு அனுப்பும் உபரி யூனிட்டுக்குக் கிடைப்பது அதைவிட வெகு குறைவு. ஆகவே மதிய உபரியை நம் வளாகத்துக்குள்ளேயே குடிக்க ஒரு வாய் வேண்டும். நிற்கும் வண்டிகளின் பேட்டரிகள் அதற்கு மிகப் பொருத்தம், தனியாகப் பேட்டரி வாங்கும் செலவும் இல்லை.

இப்போது வேகமான சார்ஜர்களைப் பற்றி. 60 கிலோவாட் டி.சி. சார்ஜர் ஒன்றை முழு வேகத்தில் சோலாரில் மட்டும் ஓட்ட வேண்டுமானால் உச்சி வெயிலிலேயே 6,000 சதுர அடிக்கு மேல் பேனல் வேண்டும். மேகம் ஒன்று கடந்தால் அதுவும் போதாது. நெடுஞ்சாலை ஓட்டல்களில் வேகமான சார்ஜர் தேவைதான். சென்னையிலிருந்து மதுரை போகும் காருக்கு முக்கால் மணி நேரத்தில் சார்ஜ் ஏறியாக வேண்டும். அங்கே சோலார், மின்கட்டணத்தில் ஒரு பங்கைக் குறைக்கும் துணை. நெதர்லாந்தின் நெடுஞ்சாலைகளில் ஃபாஸ்ட்நெட் நிறுவனத்தின் மஞ்சள் நிறக் கூரைகள் பிரபலம். அந்தக் கூரையிலும் சோலார் உண்டு. ஆனால் வண்டிகளுக்கான மின்சாரத்தின் பெரும்பகுதி லைன் வழியாகத்தான் வருகிறது. உங்கள் இடத்தில் வண்டிகள் எவ்வளவு நேரம் நிற்கின்றன என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். எட்டு மணி நேரம் நிற்கும் வண்டிக்குப் பதினைந்து ஆம்ப் பிளக்கே தாராளம். இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும் ஜவுளிக்கடை, சினிமா, மண்டபக் கார்களுக்கு டைப் 2 வகை 7.4 கிலோவாட் ஏ.சி. சார்ஜர் சரியாக இருக்கும். வெயில் ஏற ஏற மின்னோட்டத்தைக் கூட்டி, மேகம் வந்தால் 6 ஆம்பியர் வரை குறைத்துக்கொள்ளும் ஸ்மார்ட் சார்ஜர்கள் இந்த வகையில் கிடைக்கின்றன. சோலாரோடு சேர்த்து வைப்பதாக இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

மின்வாரிய அலுவலகத்தில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வெளியாருக்குக் காசு வாங்கிக்கொண்டு சார்ஜ் போடுவது 2003 மின்சாரச் சட்டப்படி மின் விற்பனை ஆகுமா, உரிமம் வேண்டுமா என்ற குழப்பம் முன்பு இருந்தது. 2018 ஏப்ரலில் மத்திய மின் அமைச்சகம் அதைத் தீர்த்துவிட்டது. அது ஒரு சேவை, உரிமம் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் பொது சார்ஜிங் நிலையம் வைக்கலாம். ஆனால் பொது சார்ஜிங்குக்குத் தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது, தனி மீட்டர் வரும். கடை மீட்டரில் இணைந்த சோலார், அந்தத் தனி மீட்டரில் ஓடும் சார்ஜரின் கணக்கில் தானாகச் சேராது. சோலாரை எந்த இணைப்பின் பின்னால் வைப்பது என்பதை, வேலை தொடங்கும் முன் எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். கூடவே, சேங்ஷன் லோடு (இணைப்புக்கு அனுமதித்த மின்பளு) போதுமா என்று பார்க்க வேண்டும். ஏ.சி.யும் லிஃப்டும் ஓடும் கடையில் இரண்டு கார் சார்ஜர் சேர்ந்தால் 15 கிலோவாட் கூடுகிறது. லோடு ஏற்றாமல் மாட்டிவிட்டு, மாதக் கடைசியில் அபராதத்தோடு பில் வந்த கதைகள் நம் வாசகர் கடிதங்களிலேயே இருக்கின்றன.

கரண்ட் போனாலும் சோலாரில் வண்டி சார்ஜ் ஆகும் என்று பலர் நம்புகிறார்கள். சாதாரண ஆன்கிரிட் இன்வெர்ட்டர், லைனில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனின் உயிரைக் காக்கத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். மின்வெட்டிலும் ஓட வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் அமைப்பு வேண்டும். செலவு கணிசமாகக் கூடும். ஆஸ்பத்திரிகளுக்கு அது அவசியமாக இருக்கலாம். ஜவுளிக்கடைக்கு அவசியமென்று எனக்குத் தோன்றவில்லை.

கூரையைப் பற்றியும் கொஞ்சம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் துளைத்துப் பேனல் மாட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள். ஷீட்டை மாற்றிவிட்டுப் போடுங்கள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலும் விளம்பரப் பலகையின் நிழலும் எந்த நேரத்தில் எங்கே விழுகின்றன என்று காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். ஒரு பேனலின் மூலையில் விழும் நிழல், அதனோடு தொடராக இணைந்த மற்றப் பேனல்களையும் இழுத்துவிடும். சித்திரை, வைகாசியில்தான் உற்பத்தி உச்சத்தில் இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். பேனலுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். கத்திரி வெயிலில் பேனலின் சூடு அறுபதைத் தாண்டும்போது பத்துப் பன்னிரண்டு சதவீதம் போய்விடும். அதனால் பேனலுக்கும் கூரைக்கும் நடுவே காற்று போக இடம் விடச் சொல்லுங்கள். கழுவுவது விடியற்காலையில் இருக்கட்டும். உப்புத் தண்ணீரில் கழுவினால் வெள்ளைப் படலம் படிந்துவிடும்.

கடலோர வாசகர்கள் காற்றை மறக்கக் கூடாது. 2011 டிசம்பரில் தானே புயல் கடலூரையும், 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையையும், 2018 நவம்பரில் கஜா புயல் நாகை, வேதாரண்யம் பகுதியையும் எப்படிப் புரட்டின என்று பார்த்தவர்கள் நாம். சென்னைக் கடற்கரைக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். உங்கள் பேனல் ஸ்ட்ரக்சர் அதைத் தாங்கும் என்று ஒரு பொறியாளர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். கிலோவாட்டுக்கு ஐயாயிரம் குறைவு என்று கொட்டேஷன் தருபவர் பெரும்பாலும் இரும்பில்தான் கை வைக்கிறார்.

வண்டி நிறுத்தும் இடத்துக்கு மேலேயே பேனலைக் கூரையாகப் போடலாமா என்று கல்யாண மண்டப வாசகர் கேட்டிருந்தார். அருமையான யோசனை. கொச்சி விமான நிலையம் 2015 ஆகஸ்டில் 12 மெகாவாட் நிலையத்தோடு முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையமானது. பிற்பாடு அங்கே கார் நிறுத்துமிடத்தின் மேலும் பேனல் கூரை வந்தது. பிரான்ஸ் 2023-இல் சட்டமே போட்டுவிட்டது: 1,500 சதுர மீட்டரைத் தாண்டும் பெரிய வாகன நிறுத்துமிடங்களில் குறைந்தது பாதிப் பரப்புக்குச் சோலார் கூரை வேண்டும். உயரமான இரும்புத் தூண்கள், அஸ்திவாரம் என்று மாடியில் போடுவதைவிடச் செலவு கூடும். பதிலுக்கு நிழல் கிடைக்கிறது. நம் ஊர் மே மாதத்தில் வெட்டவெளியில் கொதித்து நிற்கும் பேட்டரிக்கு அந்த நிழலே ஆயுளைக் கூட்டும். முகூர்த்த நாளில் வந்திறங்கும் பெரியவர்களுக்கும் நல்லது.

பாதுகாப்பில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஒவ்வொரு பிளக்குக்கும் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் விழும் தனி ஆர்.சி.சி.பி., தனி பிரேக்கர், சரியான எர்த். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து ஒன்றில் நாலு வண்டி மாட்டுவது நெருப்புக்கு வழி. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் பேஸ்மென்ட்டில் சார்ஜர் வைப்பதாக இருந்தால், 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறியது என்று அந்தத் தெருவில் கேட்டுவிட்டு உயரத்தை முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, வாடகைக் கட்டடத்தில் கடை வைத்திருப்பவர்களின் சங்கடம். மாடி கட்டட உரிமையாளருடையது, மின்கட்டணம் கடைக்காரருடையது. தான் ஏன் முதல் போட வேண்டும் என்று உரிமையாளர் நினைக்கிறார். அடுத்த வருடம் காலி செய்யச் சொன்னால் என்ன செய்வது என்று கடைக்காரர் நினைக்கிறார். நடுவில் மாடி காய்கிறது. இதற்கு நடைமுறையில் எளிதான வழி, லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு ஓடும் பொது இணைப்பில் சோலாரையும் பிளக்குகளையும் சேர்ப்பது. செலவை உரிமையாளர் போட்டு, பராமரிப்புத் தொகையில் சிறிது கூட்டி எடுத்துக்கொள்ளலாம். முதலே போட முடியாதவர்களுக்கு, தானே அமைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளும் ரெஸ்கோ நிறுவனங்கள் இருக்கின்றன. அந்த ஒப்பந்தம் பதினைந்து, இருபது ஆண்டுக்கு ஓடும். குத்தகைக் காலம் அதைவிடக் குறைவாக இருந்தால் இரண்டு பத்திரத்தையும் ஒரே வக்கீலிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே போட்டவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை கிலோவாட், என்ன செலவு, போன ஐப்பசி, கார்த்திகையில் எத்தனை யூனிட், இந்தச் சித்திரையில் எத்தனை யூனிட், எத்தனை வண்டி தினமும் சார்ஜ் ஆகிறது, மின்வாரியத்தில் எங்கே தாமதமானது என்று ஒரு தாளில் எழுதி, மின்கட்டண ரசீது நகலோடு அனுப்புங்கள். பெயரும் இணைப்பு எண்ணும் வெளியிட மாட்டோம். அடுத்த இதழ்களில் ஊர்வாரியாகத் தொகுத்துப் போடுகிறோம். ஈரோட்டு வாசகரே, உங்கள் மாடியின் அளவையும் பணியாளர்களின் எண்ணிக்கையையும் மட்டும் எனக்கு எழுதுங்கள். அவர்களில் எத்தனை பேர் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்